நெய்ய நிறுத்தினார்

ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறைத் தரையில் ஒரு செவ்வகம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். மற்ற இடமெல்லாம் தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டு. அந்த இடம் மட்டும் சாம்பல். தறிக்குழி இருந்த இடம் அது. 2012இல் தறியை விற்ற பிறகு, குழியில் செங்கல் சல்லியைக் கொட்டி இடித்து மேலே சிமெண்டு பூசினான் தம்பி. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரண்டு நிறமும் ஒன்றாகவில்லை. இப்போது அதன்மேல் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வீட்டில் வேறு இடமில்லாமல் இல்லை. அவர் அங்கேதான் போடச் சொல்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து ஆங்கில வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் 'இங்' என்று முடியும் ஒரு சொல். அது ஜெரண்டா பார்ட்டிசிபிளா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். பிறகு அதே போலச் சொந்தமாக இரண்டு வாக்கியங்கள்.

"பெரியப்பா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

ஆங்கிலம் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் பதில் எழுதி வருகிறேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அன்று நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அதன் காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பதால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1986இல் நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அப்போது ஆரணியின் நெசவாளர் தெருக்களில் எந்த நேரத்தில் நடந்தாலும் காதில் விழும் ஒலி ஒன்றுதான். ஒரு வீட்டில் பலகை அடித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் தொடங்கும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். காஞ்சிபுரத்துப் பட்டைவிட எடையும் விலையும் குறைந்தது ஆரணிப் பட்டு என்று பெயர். கல்யாணப் பெண்ணுக்குக் காஞ்சிபுரம், பெண்ணின் அத்தைக்கு ஆரணி என்று அம்மா சிரித்தபடி சொல்வாள். வகுப்பில் பாதிப்பேர் தறிவீட்டுப் பிள்ளைகள். அவர்களில் சிலர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. எங்களுக்குத்தான் கஷ்டம் என்று நாங்கள் அழுதுகொண்டிருந்தோம்.

ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தம் தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நான் "மை ஃபாதர் இஸ் வீவிங்" என்றேன். ஆசிரியர் என்னை நிற்க வைத்தார்.

"'இஸ் வீவிங்' என்றால் இந்த நொடியில் நெய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். நீ இங்கே இருக்கிறாய். அவர் வீட்டில் இருக்கிறார். இப்போது நெய்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்பப் பார்த்தாலும் நெய்துகிட்டுத்தான் இருப்பாரு சார்" என்றேன். ஆசிரியரும் சிரித்துவிட்டார். 'வீவ்ஸ்' என்று திருத்திவிட்டு உட்காரச் சொன்னார். இலக்கணப்படி அவர் சொன்னது சரி. பொருள்படி நான் சொன்னதும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பிழை எனக்கு மட்டும் உரியதல்ல. 'நெய்கிறார்' என்ற ஒரே முற்றில் தமிழ் இரண்டு செய்திகளை வைத்திருக்கிறது. அவருடைய தொழில் நெசவு என்பதும் 'நெய்கிறார்'தான். இதோ இந்தக் கணத்தில் தறியில் இருக்கிறார் என்பதும் 'நெய்கிறார்'தான். வேண்டுமானால் 'கொண்டிரு' சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம். கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் கட்டாயம். இந்த இரண்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுவிடுகிறார்கள். 'ஐ ஆம் நோயிங்', 'ஹி இஸ் ஹேவிங் டூ லூம்ஸ்' எல்லாம் அப்படி வந்தவை. இது தமிழருக்கு மட்டுமல்ல, இந்தியா முழுமைக்கும் பொது. நிசிம் எசேக்கியேல் இந்த 'இங்'கை வைத்தே வேடிக்கைக் கவிதைகள் எழுதினார். அவற்றைப் படித்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் முழுமையாகச் சிரிக்க முடிந்ததில்லை.

ஆசிரியர் அதன் பிறகு எங்களுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். 'இங்' வந்தால் 'கொண்டிருக்கிற' என்று மொழிபெயர்த்துக்கொள். 'டு' வந்தால் 'செய்வது' என்று வைத்துக்கொள். 'டு வீவ்' என்றால் நெய்வது, 'வீவிங்' என்றால் நெய்துகொண்டிருக்கிற. எளிய சூத்திரம். மனப்பாடம் செய்தோம். தமிழ்நாட்டில் இன்றும் பெரும்பாலான பிள்ளைகளின் தலையில் இருப்பது இதுதான் என்பதை என் அனுபவத்தில் சொல்ல முடியும். அந்தச் சூத்திரத்தில் ஒரு முக்கியமான பொருள் விடுபட்டிருக்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரிய ஏழு வருடமானது.

இதே காலத்தில் தமிழ் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழையா ஒரு நயினார். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருப்பதை நண்பர்கள் அறிவார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியும் சமணர் என்பதால், ஐயா அவரைத் தம் பெரியப்பாவைப் போலப் பேசுவார். 'பவணந்தியார் இதை விடமாட்டார்' என்பது அவர் வாடிக்கை. ஐந்திணைப் பாடம் நடத்தியபோது 'நெய்தல்' என்று கரும்பலகையில் எழுதினார். நான் கையைத் தூக்கி, "ஐயா, அது நம்ம ஊர் திணைதானே?" என்று கேட்டேன். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே கிடக்கும் ஊரில், கமண்டல நாகநதி மணலைத் தவிர வேறு மணல் பார்க்காத பையன் கேட்கிறான். ஐயா சிரிக்கவில்லை. "இது பூவின் பெயர். நீ சொல்வது நெய் என்னும் வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர். இரண்டுக்கும் உருவம் ஒன்று, வேர் வேறு" என்றார். பிறகு திணையை விட்டுவிட்டு அன்று முழுவதும் 'நெய்' என்ற ஒரு வினையையே நடத்தினார்.

நெய்தல், நெசவு என்பவை தொழிற்பெயர். செயலுக்கே இட்ட பெயர், காலம் காட்டாது. நெய்தவர், நெய்கிறவர், நெய்பவர் என்பவை வினையாலணையும் பெயர். செய்தவனையே குறிக்கும், காலமும் காட்டும். நெய்த சேலை, நெய்கிற சேலை, நெய்யும் சேலை என்பவற்றில் பெயரெச்சம். நெய்து கொடுத்தான் என்பதில் வினையெச்சம். நெய்யப் போனான் என்பதிலும் வினையெச்சம். அது வேறு வாய்பாடு. தறியில் கோத்துவைத்த இழைகளைப் போல ஒவ்வொன்றும் தன் விழுதில் நின்றது. அத்தனையும் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'வீவிங்' இவற்றில் முக்கால்வாசியை ஒற்றைச் சொல்லில் அடைத்துவைத்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. தமிழையாவுக்கு ஆங்கிலத்தில் வேலையில்லை. ஆங்கில ஆசிரியருக்கு நன்னூலில் வேலையில்லை. இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர்தான்.

1991இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அந்த ஆண்டு தொடக்கத்திலேயே அப்பாவின் கண்களில் புரை முற்றியிருந்தது. நெசவாளிக்குக் கை போனால் ஒரு கஷ்டம், கண் போனால் எல்லாம் போயிற்று. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். சரிகை இழை பிசகினால் ஒரு முழம் தள்ளித்தான் தெரியும், அதற்குள் சேலை கெட்டுவிடும். அப்பா தறியை விட்டு எழுந்தார். வேலூரில் அறுவை சிகிச்சை ஆனது. கண்ணாடி வருவதற்கும் பார்வை நிலைப்பதற்கும் மாதங்கள் பிடித்தன. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நின்றது. அம்மா பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வீட்டை ஓட்டினாள்.

சென்னையில் ஒரு அறக்கட்டளை ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். மூன்று நாள் எழுதினேன். 1989இல்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். பழைய பெயரை எழுதிவிட்டால் விண்ணப்பம் எங்காவது வேலூருக்குப் போய்விடும் என்று பயந்து, புதிய பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை சரிபார்த்தேன். முகவரியில் காட்டிய கவனத்தை வினையில் காட்டவில்லை. கடிதத்தின் முக்கியமான வாக்கியம் இது: "மை ஃபாதர் ஹாஸ் ஸ்டாப்டு டு வீவ்."

அப்பா நெய்வதை நிறுத்திவிட்டார் என்று எழுதியதாகத்தான் நினைத்தேன். 'நெய்வது' என்றால் 'டு வீவ்' என்பது சூத்திரம். 'வீவிங்' போட்டால் 'நெய்துகொண்டிருக்கிற' என்று ஆகிவிடும், நெய்துகொண்டிருப்பவருக்கு யார் பணம் கொடுப்பார்கள்? எனவே கவனமாக 'இங்'கைத் தவிர்த்தேன். ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் நேர் எதிரான பொருளைத் தரும். வேறு எதையோ நிறுத்திவிட்டு, நெய்வதற்காக நிறுத்திவிட்டு, அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிறார் என்று.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஆரணி ரோடு ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. நாங்கள் சென்னைக்குப் பேருந்தில்தான் போவோம். முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கடிதத்தில் ஒரு வரியின்கீழ் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தார். கனிவாகத்தான் கேட்டார். "ஸோ, யுவர் ஃபாதர் இஸ் வீவிங் நவ்?"

நான் "யெஸ் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். கேள்வி முழுதாகப் புரியவில்லை. 'ஃபாதர்', 'வீவிங்' என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்தன. கடிதத்தில் உள்ளதைத்தான் திரும்பக் கேட்கிறார் என்று எண்ணினேன். தவிர, எதிரில் இருக்கும் பெரியவருக்கு 'நோ' என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எதிரில் இருந்தவரின் பிழை என்று அதில் எதுவுமில்லை. நான் எழுதியதை ஒழுங்காகப் படித்துச் சரிபார்த்தார், அவ்வளவுதான்.

உதவி கிடைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்னைவிட அதிக மதிப்பெண், அதிக வறுமை உள்ளவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழியில் இறங்கினார். மருத்துவர் சொன்ன காலம் முடியவில்லை. சரிகை வேலை வேண்டாம், உடல் வெற்றாக இருக்கும் சேலை கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினார். அதற்குக் கூலி குறைவு. மேலும் ஒரு முன்பணம் ஏறியது. அதில்தான் என் முதலாண்டுக் கட்டணம் கட்டப்பட்டது. ஓய்வை நிறுத்திவிட்டு நெய்யப் போனார். என் வாக்கியம் உண்மையாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ரென்-மார்ட்டின் இலக்கணத்தில் ஜெரண்ட் பாடத்தைப் படித்தபோதுதான் நான் எழுதியது என்னவென்று புரிந்தது. அந்த ரென் வேறு யாருமல்ல. 'போ ஜெஸ்ட்' என்ற பாலைவனச் சாகச நாவலை 1924இல் எழுதிப் புகழ்பெற்ற பி.சி. ரென்தான். பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்துக் கதை எழுதிய கை நமக்கு ஜெரண்டும் கற்றுக்கொடுத்திருக்கிறது. வினையாகவும் பெயராகவும் இரட்டை வேலை பார்ப்பது ஜெரண்ட், வினையாகவும் பெயரடையாகவும் வேலை பார்ப்பது பார்ட்டிசிபிள் என்று அவர் பிரிக்கிறார். படித்ததும் எனக்குத் தமிழையாவின் கரும்பலகை ஞாபகம் வந்தது. முன்னது நம் தொழிற்பெயர். பின்னது பெரும்பாலும் நம் எச்சம். இவ்வளவுதானா? சுவரின் இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயமல்லவா!

இன்னொன்றும் அப்போது உறைத்தது. 'ஸ்டாப்டு வீவிங்', 'ஸ்டாப்டு டு வீவ்' என்ற வேறுபாடு ஆங்கிலத்துக்கே உரிய புதிர் என்றுதான் எல்லாரும் கற்பிக்கிறார்கள். அதே வேறுபாடு நம் நாக்கிலேயே இருக்கிறது. 'நெய்ததை மறந்தார்', 'நெய்ய மறந்தார்' என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முன்னதில் நெய்தாயிற்று, நினைவு போயிற்று. பின்னதில் நெய்யவே இல்லை. 'நெய்ததை நினைத்தார்' என்றால் பழையதை எண்ணிப் பார்த்தார். 'நெய்ய நினைத்தார்' என்றால் இனிமேல்தான். ஆங்கிலத்தின் 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டும் 'இங்'கோடு ஒரு பொருளும் 'டு'வோடு வேறு பொருளும் தருவதாகப் பக்கம் பக்கமாக விளக்குகிறார்களே, அது இதுதான். 'இங்' நடந்ததைப் பெயராக்கிக் கையில் கொடுக்கிறது, 'டு' நடக்க வேண்டியதை நோக்கிக் கை காட்டுகிறது. 'நெய்வதை நிறுத்தினார்' என்பதில் ஐ உருபு ஏற்று நிற்பது பெயர். பெயர் வேண்டிய இடத்தில் ஆங்கிலத்திலும் 'வீவிங்' என்ற பெயர்தான் வேண்டும். 'நெய்ய நிறுத்தினார்' என்று தமிழில் எவனாவது எழுதினால் தமிழையா பிரம்பை எடுத்திருப்பார். நான் ஆங்கிலத்தில் எழுதியது அதைத்தான்.

'கொண்டிருக்கிற' சூத்திரம் பிசகும் இன்னோரிடம் தொகைச்சொற்கள். 'ரன்னிங் வாட்டர்' என்றால் ஓடுகிற நீர், சரி. 'டிரிங்கிங் வாட்டர்' என்றால் குடித்துக்கொண்டிருக்கிற நீரா? நீர் எங்கே குடிக்கிறது? 'வாக்கிங் ஸ்டிக்' நடக்கிற குச்சி என்று எங்கள் வகுப்பில் ஒருவன் எழுதி அடி வாங்கினான். நகராட்சிக் குழாயில் எழுதியிருக்கும் 'குடிநீர்', கிழவர் கையில் இருக்கும் 'ஊன்றுகோல்' இரண்டும் வினைத்தொகை. வெறும் வினையடியைப் பெயரோடு ஒட்டிவிட்டு, காலத்தையும் யார் செய்கிறார் என்பதையும் சொல்லாமலே விடுகிற அழகான ஏற்பாடு. ஆங்கிலம் அங்கே 'இங்'கை ஒட்டுகிறது. 'ஊன்றுகோல்' தெரிந்த பிள்ளைக்கு 'வாக்கிங் ஸ்டிக்' புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று பின்னாளில் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. ஆதியில் அங்கேயும் இரண்டு ஈறுகள் இருந்திருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு 'உங்' அல்லது 'இங்'. எச்சத்துக்கு 'எண்டெ'. ஜெர்மன் மொழியில் இன்றும் 'உங்' வேறு, 'எண்ட்' வேறாகவே நிற்கின்றன. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி மாறி, எச்ச ஈறு தேய்ந்து, கடைசியில் இரண்டும் 'இங்'கில் வந்து சேர்ந்துவிட்டன. பழைய பாவின் நுனியில் புதிய பாவை இழை இழையாகத் திரித்துப் பிணைப்பார்கள் எங்கள் ஊரில். பிணைத்த பிறகு எது பழையது எது புதியது என்று பார்த்தால் தெரியாது. தடவினால் விரலுக்குத் தெரியும். 'இங்' அப்படிப்பட்ட பிணைப்பு.

விரலால் தடவிச் சண்டை போட்டவர்களும் உண்டு. 'அப்பா நெய்வது எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்பதை ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் வீவிங்' என்று எழுதுவதா, 'மை ஃபாதர்'ஸ் வீவிங்' என்று எழுதுவதா? பெயரும் எச்சமும் ஒட்டிக்கிடக்கும் முதல் வகையை ஃபௌலர் 1906 முதலே கண்டித்தார், 1926இல் வந்த தமது அகராதியில் இன்னும் கடுமையாக. அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர்சன், ஆங்கிலேயரின் நல்ல எழுத்தாளர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுகளைக் கொட்டினார். வீட்டுக்காரருக்கே அவர் வீட்டு வாசல் எது என்று வெளியூர்க்காரர் காட்டிக்கொடுத்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இந்த இரண்டு பெயர்களும் வேண்டாம் என்று சேர்த்துக் கட்டி 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' என்று ஒரே வடிவமாக்கிவிட்டார்கள். அறிவியல்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த நூலை ஆரணியில் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்த முடியாது. எங்களுக்குப் பிரித்துக் காட்டுவதுதான் உதவும், ஏனென்றால் எங்கள் மொழியில் அவை ஏற்கெனவே பிரிந்திருக்கின்றன.

பெயர்களை நம்பியும் பயனில்லை என்பதற்கு ஒரு சான்று. சமஸ்கிருதத்தின் 'க்த்வா' ஈற்று எச்சங்களை ஐரோப்பிய அறிஞர்கள் 'ஜெரண்ட்' என்றார்கள். 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் தமிழ் வினையெச்சத்துக்கு அந்தச் சொல்லைக் கையாள்கிறார். ஆக, 'நெய்து' என்பது ஒரு நூலில் ஜெரண்ட், 'நெய்தல்' இன்னொரு நூலில் ஜெரண்ட். லத்தீனிலிருந்து இறக்கிய சட்டையை யாருக்குப் போட்டாலும் தோள் இடிக்கிறது.

வினையெச்சம் என்றதும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 'சிட்டிங் அட் த லூம், த லைட் வென்ட் அவுட்' என்று எழுதினால் ஆங்கில ஆசிரியர்கள் தொங்கும் எச்சம் என்று சுழிப்பார்கள். தறியில் உட்கார்ந்தது விளக்கா? 'தறியில் உட்கார்ந்து விளக்கு அணைந்தது' என்று நம்மூரில் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அதோடு நிற்காமல், உறுப்பின் வினை முழு ஆளின் வினையில் முடிந்தால் குற்றமில்லை என்று விலக்கும் கொடுக்கிறது. கால் ஒடிந்து விழுந்தான் என்கிறோமே, ஒடிந்தது கால், விழுந்தது ஆள். இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் 'இங்' என்றால் 'கொண்டிருக்கிற' என்று சொல்லிக் கொடுக்கிறோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஆங்கிலம் தெரியாததால் அல்ல, தெரிந்த தமிழை அங்கே கொண்டுபோக விடாததால்தான் நான் அந்த மேசையின் முன் 'யெஸ் சார்' என்றேன்.

தம்பி மகளுக்குச் சொன்னேன். "ஒவ்வொண்ணையும் தமிழ்ல சொல்லிப் பாரு. 'நெய்தல்', 'நெய்வது'ன்னு பெயரா வந்தா ஜெரண்ட். 'நெய்கிற', 'நெய்துகொண்டு'ன்னு எச்சமா வந்தா பார்ட்டிசிபிள்." அவள் பத்தையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒன்றே ஒன்று தவறு. அதுகூட விவாதத்துக்கு உரியதுதான்.

மிச்சம் சொந்த வாக்கியங்கள் இரண்டு. முதலாவதை நான்தான் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக என்னிடம் தப்பாகவே கிடந்த வாக்கியம், ஒருமுறையாவது சரியாக எழுதப்படட்டும் என்று தோன்றியிருக்கலாம். "மை கிராண்ட்ஃபாதர் ஸ்டாப்டு வீவிங் இன் 2012." அவள் பென்சிலால் எழுதி, உரக்கப் படித்து, வீவிங்கின்கீழ் கோடிட்டு, 'ஜெரண்ட்' என்று பக்கத்தில் எழுதினாள்.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். ஆனாலும் 'வீவிங்' என்ற சொல் அவருக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்துப் பலகையிலும் அடையாள அட்டையிலும் பார்த்துப் பழகியது.

"என்னைப் பத்தி இன்னா எழுதறீங்க?" என்றார்.

"நீ நெய்யறதை நிறுத்திட்டேன்னு எழுதறோம் தாத்தா," என்றாள் அவள் சத்தமாக.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. காலடியில் சாம்பல் நிறத் தரையைப் பார்த்தார்.

"நான் எங்கடி நிறுத்தினேன்? முதலாளி பாவு குடுக்கல," என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா இது தப்பா பெரியப்பா? இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கியிருந்தாள்.